உப்பும் தேசிக்காயும் இல்லாமல் ஒரு ரெப்போசாடோ: வெள்ளவத்தை வீட்டில் சுவைத்த டெக்கீலா

அலைகரை | வெள்ளவத்தை

டெக்கீலா என்றதும் நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது சிநேகிதனின் கல்யாணத்துக்கு முதல் நாள் மொட்டைமாடிதான். கையில் உப்பு, வாயில் தேசிக்காய், ஒரே மடக்கு, அதோடு சரி. அப்படிக் குடித்துவிட்டு, "டெக்கீலாவில் என்ன இருக்கிறது, வெறும் எரிவுதானே" என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். டெக்கீலா வடிப்பது மெக்ஸிகோவின் நீல அகேவ் என்ற, கற்றாழை மாதிரியான செடியிலிருந்து. அது ஆறேழு வருசம் நிலத்தில் நின்று முற்றிய பிறகுதான் வெட்டுவார்கள். நாக்கில் நிற்கவிடாமல் விழுங்கினால் அவ்வளவு வருசமும் எங்கே போகும்?

அதனால் ஓரளவு கட்டுப்படியாகிற போத்தல் ஒன்றை எடுத்து ஆறுதலாக இருந்து சுவைத்தேன். எல் ஹிமடோர் என்ற பெயரில் வருகிற ரெப்போசாடோ. மச்சான் வரும்போது கட்டுநாயக்கா டியூட்டி ஃபிரீயில் எடுத்துவந்தது. ரெப்போசாடோ என்றால் குறைந்தது இரண்டு மாதம், ஒரு வருசத்துக்குக் குறைவாக, ஓக் மரத்தில் வைத்தது. இது அந்தக் கீழ் எல்லையில், ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்த சரக்கு.

முதலில் போத்தலின் லேபலைப் பாருங்கள். நான் தேடுவது இரண்டே விசயம். 100 வீதம் அகேவ் என்று எழுதியிருக்கிறதா? நோம் இலக்கம் என்ன? நோம் என்பது அந்த டெக்கீலா எந்த வடிசாலையில் செய்தது என்று காட்டுகிற எண். இதில் 1119. அதே 1119 ஹெராதுரா என்ற டெக்கீலாப் போத்தலிலும் இருக்கும். இரண்டும் மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் அமாதித்தான் என்ற ஊரில் ஒரே இடத்திலிருந்து வருபவை. ஹெராதுரா விலை கூடியது. அதைச் செய்கிற இடத்தின் கைதான் இதிலும் பட்டிருக்கிறது என்று தெரிந்தால் வாங்குகிறவருக்கு ஒரு தைரியம் வரும்.

அடுத்தது வெக்கை. கொழும்பில் இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. அறை வெப்பநிலையில் குடியுங்கள் என்று வெளிநாட்டவர் எழுதுவது 20 பாகையை மனதில் வைத்துக்கொண்டு. நம் வீட்டு அலுமாரியில் போத்தல் நிற்பது 30 பாகையில். அப்படியே ஊற்றினால் அல்கஹோல் முந்திக்கொண்டு எழும்பி மூக்கைச் சுடும். பின்னால் வருகிற மெல்லிய மணம் ஒன்றும் பிடிபடாது. அதற்காக ஐஸ் போட்டால் மணம் ஒரேயடியாக அடங்கிவிடும். போத்தலை அரை மணித்தியாலம் ஃபிரிஜ்ஜில் வைத்து எடுங்கள், போதும். ஊற்றியதும் ஃபேனை நிறுத்துங்கள். பல்கனிக் கதவையும் சாத்துங்கள், கடல் காற்று கிளாஸின் மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். குசினியில் மீன் பொரிக்கிற நேரமாகவும் இருக்கக்கூடாது.

கிளாஸ் சின்ன வைன் கிளாஸ். வாய் உள்நோக்கிக் குறுகியிருந்தால் போதும். ஷொட் கிளாஸ் வேண்டாம்.

நிறம் வெளிர் வைக்கோல் மஞ்சள். வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் பிடித்தால்தான் நிறம் இருப்பதே தெரியும். இரண்டு மாதத்துக்கு அது சரியான நிறம்.

மணம்தான் இதில் விசேஷம். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்பிலேயே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து இழுங்கள். முதலில் வருவது அவித்த வற்றாளங்கிழங்கு. தோலோடு அவித்து, சூடு ஆறுமுன் உரிக்கும்போது கையில் ஒட்டுகிற அந்த இனிப்பு மணம் இருக்கிறதே, அதேதான். அது வெந்த அகேவின் மணம். பச்சை அகேவில் இருப்பது இன்யூலின் வகைச் சர்க்கரைத் தொடர். அது சூட்டில் உடைந்து ஃபுருக்டோஸ் என்ற பழச் சர்க்கரை ஆன பிறகுதான் ஈஸ்டுக்கு வேலை. வேகும்போது வருகிற மணம் நொதித்து, இரண்டு தடவை வடித்த பிறகும் போகாமல் நிற்கிறது. அதற்குப் பின்னால் தேசிக்காய்த் தோல். கடைசியில் கொஞ்சம் வனிலா.

முதல் மிடறை மதிப்பிட வேண்டாம், அது வாயைப் பழக்குவதற்கு. இரண்டாவது மிடறைச் சின்னதாக எடுத்து நாக்கில் பரவவிட்டேன். முன்னால் இனிப்பு, நடுவில் மிளகு, ஓரங்களில் மெல்லிய கயர். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சு விட்டால் வற்றாளை மணம் திரும்பி வருகிறது, கூடவே தேங்காய். அந்தத் தேங்காய் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அமெரிக்க ஓக் மரத்திலிருந்து. அதில் இருக்கிற லாக்டோன் என்ற பொருளுக்குத் தேங்காய் மணம். தென்னையிலிருந்து வருகிற நம் சாராயத்தில் தேங்காய் மணம் கிடையாது. மெக்ஸிகோ குடியில் இருக்கிறது!

தொண்டையில் நிற்கிற நேரம் குறைவு. நாலைந்து மூச்சு, அவ்வளவுதான். அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் இந்த விலைக்கு அகேவ் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதே எனக்குப் போதும். பழசாக்கிய டெக்கீலா வாங்கும்போது எத்தனை மாதம் மரத்தில் இருந்தது என்று கேட்பதை விட, மரத்துக்குப் பின்னால் செடி இன்னும் தெரிகிறதா என்று கேளுங்கள். என் நிலைப்பாடு அதுதான்.

நீங்கள் என்ன குடித்துப் பார்த்தீர்கள்? எழுதுங்கோ.


கொட்டாஞ்சேனைக்காரன்

நல்ல குறிப்பு தம்பி. ஆனால் நேராகக் கேட்கிறேன். இரண்டு மாதம் மரத்தில் இருந்ததைப் பழசு என்று எப்படிச் சொல்வது? ஸ்கொட்ச் என்றால் சட்டப்படி குறைந்தது மூன்று வருசம். நம் நல்ல தென்னஞ்சாராயம் வருசக்கணக்கில் ஹல்மில்லை மரத் தொட்டியில் இருக்கிறது. வரி கட்டி இறக்கிய ஒரு டெக்கீலாப் போத்தல் காசுக்கு முதல்தரச் சாராயம் இரண்டு வாங்கலாம், மிச்சக் காசுக்குப் பைட்ஸும் வரும். கடற்கரையோரத்தில் மரத்துக்கு மரம் கயிற்றில் நடந்து கள்ளு இறக்குகிற ஆட்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் உலகத்தின் மறுபக்கத்துச் செடியைத் தேடவேண்டும்?


அலைகரை | வெள்ளவத்தை

மேற்கோள்: "இரண்டு மாதம் மரத்தில் இருந்ததைப் பழசு என்று எப்படிச் சொல்வது?"

நல்ல கேள்வி அண்ணை. சாராயத்தின் மேல் எனக்கும் குறையாத மதிப்பு இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது என்று நினைக்கிறேன்.

தென்னம்பாளையைச் சீவினால் அன்றைக்கே கள்ளு. காற்றில் இருக்கிற ஈஸ்ட் முட்டியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். தாமதித்தால் புளித்துவிடும் என்பதால் கெதியாக வடிசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். மரம் நாளைக்கும் தரும், அடுத்த மாதமும் தரும். அதாவது மூலப்பொருள் இளசு. காலம் முழுவதும் வடித்த பிறகு, தொட்டியில்தான் சேர்கிறது.

அகேவில் இது தலைகீழ். செடி ஐந்து முதல் எட்டு வருசம் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு நிற்கும். பிறகு ஹிமடோர் என்று சொல்லப்படுகிற வெட்டுக்காரர் கோவா என்ற நீளப்பிடி வெட்டுக்கருவியால் இலைகளை ஒவ்வொன்றாகச் சீவி நடுக்கட்டையை எடுப்பார். அத்தோடு செடியின் வாழ்வு முடிந்தது. ஒரு லீற்றர் 100 வீத அகேவ் டெக்கீலாவுக்குச் சுமார் ஏழு கிலோ கட்டை போகும். காலம் முழுவதும் வடிக்கும் முன்னரே உள்ளே இருக்கிறது. அதை மேலதிகமாக மரத்தில் வைத்தால் மரம் செடியை மூடிவிடுகிற ஆபத்து உண்டு. அதனால்தான் வகைகளும் சின்னச் சின்னக் கால அளவுகளில் இருக்கின்றன. ரெப்போசாடோ இரண்டு மாதம். அனேஹோ ஒரு வருசம், அதுவும் 600 லீற்றருக்கு மேற்படாத பீப்பாயில். மூன்று வருசம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அனேஹோ. அந்த வகையே 2006இல்தான் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஹல்மில்லைத் தொட்டி மிகப் பெரியது. பெரிய பாத்திரத்தில் மரம் தொடுகிற குடியின் பங்கு குறைவு, அதனால் மரத்தின் சுவை மெதுவாகத்தான் இறங்கும். பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த 200 லீற்றர் பீப்பாயில் சில மாதத்திலேயே வனிலா வந்துவிடும். மாதத்தையும் வருசத்தையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.


புதியவன் | தெஹிவளை

அண்ணாமார், ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்து வைன் ஸ்டோரில் 'கோல்ட்' என்று போட்ட டெக்கீலா ஒன்று கொஞ்சம் மலிவாக இருந்தது, வாங்கிவிட்டேன். நிறம் அலைகரை அண்ணா சொன்னதை விட நல்ல கடுமை. அப்படியென்றால் இது கூடக் காலம் மரத்தில் இருந்ததா?


பார்மேசை

புதியவன் தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன். காலிமுகத்திடல் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

போத்தலைத் திருப்பிப் பாருங்கள். 100 வீதம் அகேவ் என்று எங்கேயாவது இருக்கிறதா? வெறுமனே 'டெக்கீலா' என்று மட்டும் இருந்தால் அது கலப்பு, மிக்ஸ்தோ என்பார்கள். சட்டப்படி அதன் சர்க்கரையில் 51 வீதம் அகேவிலிருந்து வந்தால் போதும். மிச்சம் வேறு சர்க்கரை, பெரும்பாலும் கரும்பு. நம் ஊர்ச் சாராயத்திலும் இது உண்டே: தனித் தென்னங்கள்ளிலிருந்து வடித்ததும் இருக்கிறது, மொலாசஸ் ஸ்பிரிட் கலந்ததும் இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில்தான் நிற்கும்.

கோல்ட் என்பது பெரும்பாலும் மரத்தில் வைக்காத டெக்கீலாவுக்குக் கரமல் நிறம் சேர்த்தது. சிலவற்றில் பழசும் கொஞ்சம் கலந்திருக்கும். நிறத்தை வைத்து வயதைச் சொல்லவே முடியாது.

இன்னும் ஒன்று, அலைகரையும் கவனிக்கவேண்டியது. 100 வீத அகேவ் என்று இருந்தாலும், பழசாக்கிய வகைகளில் எடையில் 1 வீதம் வரை நான்கு வகைப் பொருள் சேர்க்கலாம்: கரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு. அந்த அளவுக்குள் இருந்தால் லேபலில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. 1 வீதம் என்பது சின்னதாகத் தெரியும். ஆனால் கிளிசரின் கொஞ்சம் போதும், குடி வாயில் வழுவழுவென்று ஓடும். விலை கூடிய, அலங்காரமான போத்தல்களில் இதை நான் கூடுதலாகவே உணர்ந்திருக்கிறேன். கேக் ஐசிங் மாதிரி வனிலா அடித்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஓக் தருகிற வனிலாவோடு கொஞ்சம் கசப்பும் கயரும் வரவேண்டும். வெறும் இனிப்பு மட்டும் வந்தால் அது மரத்தின் வேலையாக இருக்காது.

அதனால் நிறம் குறைந்த, மெலிந்த ரெப்போசாடோவைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அங்கேதான் செய்தவனின் வேலை மறைக்காமல் தெரியும்.


வடமராட்சி

நான் சாராயத்திலும் பனஞ்சாராயக் கட்சி. திக்கம் வடிசாலைப் பக்கம் வளர்ந்தவன், இப்போது பம்பலப்பிட்டியில் இருக்கிறேன்.

இந்த இழையைப் படித்ததும் எனக்குப் பட்டது இது. பனங்கள்ளிலிருந்து வடித்ததில் ஒரு முரட்டு மணம் உண்டு. பழக்கம் இல்லாதவர்கள் அதைக் குறை என்பார்கள். எங்களுக்கு அது போனால் சாராயமே இல்லை. டெக்கீலாவின் அகேவ் மணத்தையும் அப்படித்தான் பார்க்கவேண்டும் போல. மூல மணத்தை வெட்கப்பட்டு மறைக்கிற குடி எனக்கு எந்த நாட்டிலும் சரிவராது.

பனஞ்சாராயத்துக்கு நாங்கள் செய்கிற சோதனை ஒன்றை டெக்கீலாவுக்கும் செய்து பாருங்கள். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் தேய்க்க வேண்டும். அல்கஹோல் பறந்த பிறகு மணந்தால் மூலப்பொருள் தெரியும். கை பிசுபிசு என்று ஒட்டினால் பாகு சேர்த்திருக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, ஒரு குறிப்புத்தான்.

அதைவிட நல்லது காய்ந்த கிளாஸ். இரவு குடித்த கிளாஸைக் கழுவாமல் மேசையில் விட்டுவிடுங்கள். எறும்பு வராத இடமாகப் பார்த்து வையுங்கள். காலையில் எழும்பி மணந்து பாருங்கள். குடியில் உண்மையாக என்ன இருந்ததோ அதுதான் அடியில் காய்ந்து நிற்கும்.


நிலா | கிருலப்பனை

உப்பையும் தேசிக்காயையும் இப்படி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மெக்ஸிகோவிலும் சனம் அப்படிக் குடிக்கிறது. கூட்டமாக இருந்து சிரித்துக் குடிக்கிற நேரத்தில் அதற்கொரு இடம் இருக்கிறது. அதைத் தெரியாத்தனம் என்று பேசுவது சரியில்லை.

சுவைத்துப் பார்க்கும்போது தேசிக்காய் வேண்டாம் என்பது சரி, புளி நாக்கை மூடிவிடும். ஆனால் அதற்கும் ஹலிஸ்கோக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது, சங்கிரித்தா. டெக்கீலாவோடு கலப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு சின்னக் கிளாஸில் வைத்து இதில் ஒரு மிடறு, அதில் ஒரு மிடறு என்று மாறி மாறிக் குடிப்பது. தக்காளி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது தோடம்பழமும் மாதுளையும் போட்டது. கொழும்பில் இதைச் செய்ய ஒரு கஷ்டமும் இல்லை. நம் பச்சைத் தோல் தோடம்பழத்தில் ஏற்கெனவே புளிப்பு இருக்கிறது, அதுவே சரியான பழம். இரண்டு பங்கு தோடம்பழச் சாறு, ஒரு பங்கு மாதுளைச் சாறு, கொஞ்சம் தேசிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, செத்தல் மிளகாய்த் தூள் நாக்கில் சுள் என்று படுகிற அளவுக்கு. வடித்து, குளிரவைத்துப் பரிமாறவேண்டும். மிடறுக்கு மிடறு நாக்கு துப்புரவாகிவிடும், அடுத்த தடவை டெக்கீலாவில் மிளகு இன்னும் தெளிவாகத் தெரியும்.

என்னிடம் இருப்பது ஒல்மெகா அல்தோஸ் ரெப்போசாடோ. இதுவும் 100 வீதம் அகேவ். ஒல்மெகா என்ற பெயரில் கலப்பு வகையும் இருக்கிறது, லேபலில் 'அல்தோஸ்' என்று இருக்கவேண்டும், கவனம். எல் ஹிமடோரோடு பக்கத்தில் வைத்துக் குடித்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?


அலைகரை | வெள்ளவத்தை

நிலா அக்கா, சங்கிரித்தாவை இன்றைக்கே குறித்து வைத்துவிட்டேன். உப்பு தேசிக்காய் விசயத்தில் நான் என் பக்கத்திலேயே நிற்கிறேன். 100 வீத அகேவ் போத்தலைத் திறந்துவிட்டு அப்படிக் குடிப்பது எனக்கு மனம் ஒப்பாது.

அல்தோஸைப் பக்கத்தில் வைத்துக் குடித்தேன், சிநேகிதர் ஒருவரிடம் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டையும் ஊற்றி மாறி மாறி மணந்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

எல் ஹிமடோர் வருகிற அமாதித்தான், டெக்கீலா நகரத்துப் பள்ளத்தாக்குப் பக்கம். உயரம் சுமார் 1,200 மீற்றர். அல்தோஸ் வருகிற அரந்தாஸ், ஹலிஸ்கோவின் கிழக்கு மேட்டுநிலத்தில் சுமார் 2,000 மீற்றரில் இருக்கிறது. நுவரெலியாவை விடவும் கொஞ்சம் உயரம். இரவுக் குளிர், இரும்புச் சத்துள்ள செம்மண். மேட்டுநிலத்து டெக்கீலா பழ இனிப்பாகவும் பூ மணமாகவும், பள்ளத்தாக்கினது மண்ணும் மிளகுமாகவும் இருக்கும் என்று சொல்வார்கள். எல்லாப் போத்தலுக்கும் இது பொருந்தாது. வேகவைக்கிற விதமும் நொதிக்கிற விதமும் நிறைய மாற்றும். ஆனால் இந்த இரண்டில் எனக்கு அது தெளிவாகவே தெரிந்தது.

அல்தோஸின் மணத்தில் வற்றாளை பின்னுக்குப் போய், தோடம்பழத் தோலும் தேனும் முன்னுக்கு வருகிறது. செங்கல் அடுப்பில் வேகவைக்கிறார்கள். ஒரு பங்கைத் தஹோனா என்ற பெரிய எரிமலைக் கல் சக்கரத்தால் நசுக்கி எடுக்கிறார்கள். நார் சாறோடு சேர்ந்து கிடப்பதால் சுவை தடிப்பாக வரும் என்பது அவர்கள் கணக்கு. பேர்பன் பீப்பாயில் ஆறு முதல் எட்டு மாதம். அந்தக் கூடுதல் மாதங்கள் நாக்கில் தெரிகின்றன: கறுவா, கொஞ்சம் கருகிய சீனி. மென்மையும் கூட.

எனக்கு எது பிடித்தது என்றால், தனியாகக் குடிக்க அல்தோஸ். அகேவ் என்றால் என்ன என்று ஒருவருக்குக் காட்டவேண்டுமென்றால் எல் ஹிமடோர்தான். அதில் மரம் குறுக்கே நிற்பதில்லை.


வடமராட்சி

செம்மண் என்றதும் எனக்குச் சுன்னாகம்தான் கண்ணுக்குள் வந்தது. புழு போட்ட டெக்கீலா என்று ஒரு கதை ஓடுகிறதே, அது உண்மையா?


பார்மேசை

டெக்கீலாவில் புழு கிடையாது. புழு போட்டு வருவது சில மெஸ்கால் போத்தல்கள், அதுவும் விற்பனைக்கான ஒரு வித்தை. மெஸ்காலும் அகேவில் செய்வதுதான், ஆனால் பல வகை அகேவில் செய்யலாம், பெரும்பாலும் நிலத்தில் குழி தோண்டிக் கல்லைச் சூடாக்கி வேகவைப்பதால் புகை மணம் வரும். டெக்கீலா என்றால் நீல அகேவ் மட்டும். 1974இலிருந்து அந்தப் பெயருக்கு இடக் காப்பும் இருக்கிறது: ஹலிஸ்கோ முழுவதும், நயரித், குவானஹுவாத்தோ, மிச்சோவாகான், தமௌலிபாஸ் மாநிலங்களில் சில பகுதிகளும். வேறு எங்கே செய்தாலும் அந்தப் பெயர் போடமுடியாது. 100 வீத அகேவ் என்றால் போத்தலில் அடைப்பதும் அந்த எல்லைக்குள்தான் நடக்கவேண்டும். கலப்பு வகையைத்தான் தொகையாக ஏற்றி வெளிநாட்டில் அடைக்கலாம்.


புதியவன் | தெஹிவளை

எல்லோருக்கும் நன்றி. என் கோல்ட் போத்தலில் 100 வீதம் என்று எங்குமே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாவிடம் எல் ஹிமடோர் இருந்தது, கொஞ்சம் கேட்டு வாங்கி இரண்டையும் ஊற்றி வைத்தேன். காலையில் எழும்பி அம்மா கழுவுவதற்கு முதல் ஓடிப்போய் மணந்தேன்.

கோல்ட் கிளாஸில் வனிலா எசென்ஸ் மணம் மட்டும். அடியில் விரல் வைத்தால் ஒட்டியது. மற்றதில் அந்த வற்றாளை மணம் அப்படியே இருந்தது, கூடவே ஈரமான மரம். இரவில் குடிக்கும்போது இரண்டும் எனக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் பட்டது. காலையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத அளவு வித்தியாசம்.

கோல்ட்டை என்ன செய்வது?


நிலா | கிருலப்பனை

ஜம்போலாச் சாறு, கொஞ்சம் உப்பு, நிறைய ஐஸ், மேலே சோடா. மெக்ஸிகோவில் பலோமா என்று கிரேப்ஃபுரூட் சோடா போட்டுக் குடிப்பார்கள், அதற்கு நம் ஜம்போலா நன்றாகவே நிற்கும். வெக்கை நேரத்துக்கு இதைவிட நல்லது இல்லை. கலந்து குடிக்கிற இடத்தில் கோல்ட்டும் தன் வேலையைச் செய்யும்.


கொட்டாஞ்சேனைக்காரன்

சரி, நானும் செய்து பார்த்தேன். மருமகன் ஒரு எல் ஹிமடோர் கொண்டுவந்தான். என்னிடம் இருந்த நல்ல பழைய தென்னஞ்சாராயத்தைப் பக்கத்தில் வைத்தேன். ஃபேனை நிறுத்தச் சொன்னதற்கு வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை வேறு.

சாராயத்தின் மணம் உருண்டையாக வருகிறது. பூ, கொஞ்சம் பழுத்த வாழைப்பழம், மரம் எங்கேயோ பின்னால். டெக்கீலா கூராக வருகிறது, பச்சை மணமும் இனிப்பும் ஒரே நேரத்தில். நாக்கில் சாராயம் படர்கிறது, டெக்கீலா ஓரங்களில் குத்துகிறது. மிளகு என்று தம்பி எழுதியதை நான் வார்த்தை அலங்காரம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, உண்மையாகவே இருக்கிறது. மாட்டிறைச்சிப் பொரியலோடு டெக்கீலா ஒரு படி மேலே நின்றது. அந்தக் குத்தலுக்கு எண்ணெயும் உறைப்பும் சரியாக ஈடுகொடுத்தது. வெறுமனே குடிக்க என் தெரிவு சாராயம். அது மாறாது. காசு கணக்கும் மாறாது.

ஒன்று கேட்கவேண்டும். பாதிப் போத்தல் மிச்சம் இருக்கிறது. இந்த வெக்கையில் எவ்வளவு காலம் தாங்கும்?


பார்மேசை

அண்ணை, கெட்டுப்போகாது, ஆனால் மணம் இறங்கும். போத்தலில் குடி குறையக் குறைய உள்ளே காற்று கூடும், அதுதான் எதிரி. பாதிக்குக் கீழே போனால் ஒரு சின்னப் போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, வாய் வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். நிமிர்த்தி வையுங்கள். வைன் மாதிரிப் படுக்க வைத்தால் கடுமையான அல்கஹோல் கோர்க்கைத் தின்றுவிடும். யன்னல் வெயில் படக்கூடாது, அடுப்புக்கு மேல் தட்டும் வேண்டாம். இப்படி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.


புதியவன் | தெஹிவளை

அடுத்ததாக அனேஹோ வாங்கலாமா? ஒரு வருசத்துக்கு மேல் மரம் என்றால் இன்னும் நல்லாக இருக்கும்தானே?


பார்மேசை

அவசரப்படாதீர்கள் தம்பி. அனேஹோ விலையும் கூட, சுவை விஸ்கிப் பக்கம் சாயத் தொடங்கும். முதலில் அதே எல் ஹிமடோரின் பிளாங்கோவை வாங்குங்கள், மரம் படாத வெள்ளை. ரெப்போசாடோவுக்குப் பக்கத்தில் ஊற்றுங்கள். அதே செடி, அதே வடிசாலை, நடுவில் இருப்பது மரம் மட்டும். எது செடியிலிருந்து வந்தது, எது பீப்பாயிலிருந்து வந்தது என்று அப்போது உங்கள் நாக்கே பிரித்துச் சொல்லும். பழசாக்கிய டெக்கீலாவைப் படிக்க இதை விட மலிவான வழி எனக்குத் தெரியாது.

அனேஹோ வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கையில் செய்த அனேஹோவில் அகேவும் ஓக்கும் ஒன்றையொன்று விடாமல் நிற்கும், அதைக் குடித்தால் மறக்கமாட்டீர்கள். ஆனால் பிளாங்கோவைத் தெரிந்துகொண்ட பிறகு வாங்கினால், எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுப்பீர்கள்.


அலைகரை | வெள்ளவத்தை

இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. பிளாங்கோவும் ரெப்போசாடோவும் பக்கத்துப் பக்கத்தில் என்பதைச் சேர்ந்தே செய்யலாமே? வருகிற சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வாங்கோ. வெள்ளிக்கிழமை போயா, கடை எல்லாம் பூட்டு, அதனால் பிளாங்கோ வாங்குகிறவர் வியாழக்கிழமையே வாங்கிவிடவேண்டும். ஆளுக்கு மூன்று சின்ன ஊற்று, அதற்கு மேல் நாக்கு வேலை செய்யாது. வாகனம் ஓட்டிக்கொண்டு யாரும் வரவேண்டாம், ஓட்டோ பிடியுங்கள், அல்லது ரயில், ஸ்டேஷன் பக்கம்தான்.

கொட்டாஞ்சேனை அண்ணை, உங்கள் பழைய சாராயத்தையும் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து எல்லோரும் மணந்து பார்க்கட்டும்.


கொட்டாஞ்சேனைக்காரன்

கொண்டுவருகிறேன். மாட்டிறைச்சியும் பொரித்துக் கொண்டுவருகிறேன், சுவைத்து முடிந்த பிறகுதான் திறப்போம்.


நிலா | கிருலப்பனை

சங்கிரித்தா என் பொறுப்பு. தோடம்பழம் வீட்டில் இருக்கிறது. மாதுளை இரண்டு, யாராவது வெள்ளவத்தைச் சந்தையில் எடுத்து வையுங்கள்.


புதியவன் | தெஹிவளை

மாதுளையும் பிளாங்கோவும் நான் வியாழக்கிழமை எடுக்கிறேன் அக்கா.